ஆடும் போரும்: சந்திரலேகாவின் மேடையில் போர்க்கலைஞர் – பெருமிதக் கோட்பாட்டின் வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நல்ல போர்க்கலைஞர் ஒருவரை எக்குணங்களைக் கொண்டு அறிவது என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபில் விடை உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்கு நிலைக்களன்களாகக் கூறும் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்குமே அவ்விடை. இந்நான்கும் புறநானூற்றின் மற்போர்ப் பாடல்கள் ஆறிலும் (80–85), சென்னை பெசன்ட் நகரில் வாழ்ந்து களரிப்பயிற்றை ஆடலுக்குள் கொணர்ந்த சந்திரலேகாவின் ‘அங்கிகா’ (1985), ‘சரீரா’ (2001) ஆகிய படைப்புகளிலும் எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதலிரு குணங்களை மேடை எளிதில் ஏற்றுக்கொண்டது. பின்னிரு குணங்கள் எதிராளியையும் காண்போரையும் வேண்டி நிற்பவை. ஆதலின் அவை மேடையில் உருமாறின. அவ்வுருமாற்றத்தில் பெற்றவையும் இழந்தவையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெருமிதம், மெய்ப்பாடு, மற்போர், களரிப்பயிற்று, சந்திரலேகா, நக்கண்ணையார், வர்மம்.

1. ஆய்வுச் சிக்கல்

சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவுக்குள், மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தோற்றுவித்துப் பின்னர்த் திருவான்மியூருக்குப் பெயர்ந்த கலாக்ஷேத்திரா. மற்றொன்று, 1943இல் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம். மூன்றாவது, எலியட்ஸ் கடற்கரையையொட்டிச் சந்திரலேகா வாழ்ந்து பணியாற்றிய ‘ஸ்பேசஸ்’ வளாகம். முதலாவதில் கதகளி ஆசிரியர்கள் வழியாகக் களரியின் உடற்பயிற்சி மரபு நடனக் கல்விக்குள் நுழைந்தது. இரண்டாவது, புறநானூற்றை 1894இல் அச்சேற்றியவரின் ஏட்டுத் தொகுதியைக் காப்பது. மூன்றாவதில் களரிப் பயிற்சியாளரும் பரத நடனக் கலைஞரும் ஒரே தரையில் நின்றனர். இம்மூன்றையும் சேர்த்து நோக்கும் பார்வை தமிழ்த் திறனாய்வில் அரிதாகவே காணப்படுகிறது.

இதற்குக் காரணம் துறைப் பிரிவினை. புறப்பாடல்களின் வீரத்தை ஆராய்வோர் அதனை அறமாகவும் வரலாறாகவும் காண்கின்றனர். போரிடும் உடலை உடலாகக் காண்பது குறைவு. ஆடற்கலையை ஆராய்வோர் உடலைக் காண்கின்றனர். அவ்வுடலுக்குப் புறத்திணை சொல்லும் இலக்கணத்தை நாடுவதில்லை. சந்திரலேகா பற்றிய எழுத்துகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ரஸ்தம் பரூச்சாவின் நூல் (1995) அவற்றுள் முதன்மையானது. அவ்வெழுத்துகளில் பெண்ணுடல், எதிர்ப்பு, நவீனத்துவம் ஆகியன மையம் பெற்றன. களரிப்பயிற்று அங்கெல்லாம் ஒரு மூலப்பொருளாகவே பேசப்படுகிறது. களரி பயின்றவர் மேடையேறும்போது அவருடைய போர்த்திறன் என்னவாகிறது என்பது தனி வினாவாக எழுப்பப்பட வேண்டியது.

2. பெருமிதமும் அதன் களன்களும்

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. பெருமிதத்தின் நான்கினை உரை மரபு விளக்கும் முறை கருதத்தக்கது. தறுகண் என்பது அஞ்சத் தக்கவற்றைக் கண்டவிடத்தும் அஞ்சாமை. இசைமை என்பது இன்பமும் பொருளும் மிகுதியாக வருவதாயினும் பழியொடு வருமாயின் அதனைச் செய்யாமை. கொடையில் உயிர், உடம்பு, உறுப்பு ஆகியவற்றைத் தருதலும் அடங்கும். இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது கல்வி.

பெருமிதம் போர்க்கலைஞர்க்கு மட்டும் உரியதன்று, சான்றோர் எவர்க்கும் பொது என்னும் மறுப்பு எழலாம். அது சரியே. ஆயினும் வடமொழி மரபின் வீரச்சுவைக்கு ஈடாக வைத்து எண்ணப்படுவது பெருமிதமே ஆதலின், போரிடுவோரின் தகுதியை அதனைக் கொண்டு அளப்பது மரபுக்குப் புறம்பாகாது. வெகுளி தனி மெய்ப்பாடாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும் நோக்கவேண்டும். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன வெகுளியின் களன்கள். அதாவது, பிறர் செய்யும் தீங்கிலிருந்து பிறப்பது அது. பெருமிதத்தின் நான்கு களன்களில் சினம் எதற்கும் இடமில்லை. இப்பிரிவு தமிழுக்கே உரியது என உரிமை கொண்டாட வேண்டியதில்லை. நாட்டிய சாஸ்திரமும் வீரத்தை உற்சாகத்தின் மேலும் ரௌத்திரத்தைக் குரோதத்தின் மேலும் நிறுத்திப் பிரிக்கிறது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. உற்சாகம் ஒருவரின் உள்ளத்தே நிகழும் நிலை. கல்வி, கொடை முதலியனவோ பிறர் கண்டு சான்று கூறக்கூடியவை. அவற்றை அளக்கக் கண்கள் வேண்டும், காலம் வேண்டும்.

இக்கட்டுரை பற்றிக்கொள்வது இந்த வேறுபாட்டையே. கல்வியும் தறுகண்ணும் ஒருவர் தனித்து நின்றும் காட்டக்கூடியவை. இசைமைக்கு ஊர் வேண்டும். கொடைக்கு ஏற்பவர் வேண்டும்.

3. ஆமூர் மல்லனும் அவனை வென்றவனும்

போர்க்கலைஞர் ஒருவர் ஒற்றைக்கு ஒற்றையாகப் பொருவதைத் தமிழில் நெருங்கி நின்று காட்டும் பழஞ்சான்று புறநானூறு 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள். தந்தை தித்தனோடு முரண்பட்டு நாடிழந்த சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனை வென்றது அவற்றின் பொருள். முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. படையெடுப்புப் பாடல்களில் காணும் எரியூட்டல் இங்கில்லை. இரண்டு உடல்களும் அவற்றைச் சூழ்ந்த ஊருமே முன்னிற்கின்றன.

80ஆம் பாடல் கால்களை எண்ணுகிறது. ஒரு கால் மல்லனின் மார்பின்மேல் அழுந்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே நிற்கிறது. அடுத்து, பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போல, தலையும் அடியும் ஆகிய இருமுனையும் ஒசியுமாறு மோதும் செயல் வருகிறது. புலவரின் கண் எடை எங்கே விழுகிறது, எக்கால் தாங்குகிறது என்பதில் நிலைத்திருக்கிறது. இந்நுட்பத்தைக் களரி ஆசான் ஒருவர் எளிதில் அடையாளம் காண்பார். வென்றான் என்று சொல்லி முடித்துவிடாமல் வெல்லும் ‘நிலை’யை வரைவதால், இப்பாடல் பெருமிதத்தின் கல்விக் களனுக்கு நேர்ச்சான்றாகிறது. இந்நிலையைத் தித்தன் காணவேண்டும், அவன் மகிழினும் மகிழானாயினும், என்னும் விழைவு அதனோடு இணைகிறது. பகைத்த தந்தையின் கண்ணே தகுந்த அளவுகோல் எனப் புலவர் கருதுகிறார்.

81ஆம் பாடலில், வென்றவனின் கையில் அகப்பட்டோர் இரங்கத்தக்கவர் என்கிறார் புலவர். அக்கையையே கொடுப்பதற்காகக் கவிந்த கை எனவும் அடைமொழி தந்து சுட்டுகிறார். பிடிக்கும் கையும் வழங்கும் கையும் ஒன்று. உரையாசிரியர்கள் பின்னாளில் கொடையைப் பெருமிதத்தோடு சேர்த்து விளக்கியதற்கு இதைவிடச் செறிந்த இலக்கியச் சான்று தேடவேண்டியதில்லை.

82ஆம் பாடலின் உவமை தனித்து எண்ணத்தக்கது. போர் எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதற்குப் புலவர் மின்னலையோ பருந்தையோ நாடவில்லை. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி மகப்பேற்று வலியில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையுமோ அவ்வளவு விரைவு. பாடல் அத்தொழிலாளியைச் சாதி இழிவு தொனிக்கும் சொல்லால் குறிக்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அரசமகனின் போர்த்திறனுக்கு ஈடாக வைக்கத் தகுந்தது அவன் கைத்திறனே என்று பாடல் ஒப்புக்கொண்டுவிடுகிறது. அவ்விரைவில் பதற்றத்துக்கு எல்லாக் காரணமும் இருந்தும் ஊசி பிசகுவதில்லை. நெருக்கடியிலும் கை தன் பழக்கத்தை விட்டு விலகாமை என்பது கல்வியும் தறுகண்ணும் ஒன்றாகும் இடம். இன்றைய போர்க்கலைப் பயிற்சியகங்கள் அனைத்தும் மாணவரிடம் எதிர்பார்ப்பது இதையே. அதைச் சொல்ல அவை உழைப்பாளரின் உவமையை நாடுவதில்லை என்பது வேறு செய்தி.

நக்கண்ணையாரின் மூன்று பாடல்களும் கைக்கிளை. அவற்றைக் காதற் பாடல்கள் என்று மட்டும் படிப்பது வழக்கம். காண்போரைப் பற்றிய பாடல்களாகவும் அவற்றைப் படிக்க இடமுண்டு. 83இல் பேசுவோள் தாய்க்கு அஞ்சுகிறாள், அவைக்கு நாணுகிறாள். தன்னைப் போலவே ஊரும் ஒருபக்கம் நில்லாது நடுங்கட்டும் என்கிறாள். 84இல் அவன் புற்கை உண்டும் பெருந்தோளன். களம் புகுந்தால், செருக்கித் திரிந்த மள்ளர்க்கு, உப்பு வணிகர் வண்டியோடு கடக்க அஞ்சும் துறை போன்றவன். துறை எவரையும் தாக்குவதில்லை. கடக்க வருவோர்க்கே அது அச்சம். தற்காப்பு என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது.

85ஆம் பாடல் இசைமையின் சிக்கலை நேரே எடுத்துக்கொள்கிறது. இவ்வூர் அவனுடையதன்று, இந்நாடும் அவனுடையதன்று. அதனால் அவன் வென்றான் என்பார் ஒருசாரார், வெல்லவில்லை என்பார் ஒருசாரார். இவள் சிலம்பொலிக்க ஓடிச்சென்று, முழவு போன்ற அடிமரத்தையுடைய பனையருகே நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் காண்கிறாள். அயலாரின் திறமைக்கு ஊர் எளிதில் சான்று தருவதில்லை. ஊர்ப்பேச்சை நம்பாத ஒருவர் ஓடிச்சென்று பார்க்கவேண்டியிருக்கிறது. இப்பாடலில் வெற்றியைக் குறிக்கும் சொல் ‘ஆடு’. கூத்தையும் விளையாட்டையும் வெற்றியையும் தமிழ் ஒரே வேரில் வைத்திருந்தது. வாகைத்திணையில் முன்தேர்க்குரவையும் பின்தேர்க்குரவையும் துறைகளாக இருப்பதும் இதனோடு பொருந்துகிறது. போருக்கும் ஆடலுக்கும் இடையே சந்திரலேகா கண்ட உறவைப் புதுமை என்று வியப்பதும், மரபுமீறல் என்று சினப்பதும் இச்சொல்லை மறந்தமையால் விளைந்தவை.

4. மெய் கண்ணாதல்

களரிப்பயிற்றின் கல்வி முறையைச் சுருக்கமாகவேனும் காணாமல் மேடையை மதிப்பிட இயலாது. வட மரபில் பயிற்சி நான்கு படிகளைக் கொண்டது: உடலைப் பழக்கும் மெய்த்தாரி, கோல்களைக் கொண்டு பயிலும் கோல்தாரி, வாளும் கேடயமும் உறுமியும் வரும் அங்கத்தாரி, இறுதியில் வெறுங்கை. பொதுமனம் எண்ணுவதற்கு மாறாக, ஆயுதமின்றிப் போரிடுவது தொடக்கமன்று, முடிவு. குழிக்களரி நிலத்தைத் தோண்டி அமைக்கப்படுவது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவுகள். இவை விலங்குகளைப் போல நடித்துக் காட்டுவதற்குரியவையல்ல. அவ்வவ் விலங்கு எடையைத் தாழ்த்தி, அடுத்த அசைவுக்கு ஆயத்தமாகும் முறையை உடல் கற்றுக்கொள்வதற்கு ஏற்பட்டவை.

பயிற்சியின் பயனை மலையாள வழக்கு மெய் கண்ணாதல் என்கிறது. உடல் முழுவதும் கண்ணாகிவிடும் நிலை அது. ஃபிலிப் சாரில்லி 1998இல் வெளியிட்ட களரி ஆய்வுநூலுக்கு இவ்வழக்கையே தலைப்பாக்கினார். தமிழில் ‘மெய்’ என்பது உடலையும் உண்மையையும் குறிப்பதும், மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுதல் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மெய்ப்பாட்டில் உடல் காணப்படுவது. களரியில் உடல் காண்பது. நடனக் கலைஞர் தம்மைப் பார்ப்போர்க்காக உடலை ஒழுங்கு செய்கிறார். போர்க்கலைஞர் எதிரே நிற்பவரைப் பார்ப்பதற்காக உடலை ஒழுங்கு செய்கிறார். ஒரே அரங்கில் இவ்விரண்டையும் நிறுத்தும்போது எது எதற்கு வழிவிடும் என்பதே ‘அங்கிகா’ எழுப்பும் கேள்வி.

5. அங்கிகா: கல்வியும் தறுகண்ணும்

1928இல் பிறந்த சந்திரலேகா சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1952இல் நிகழ்ந்த அவருடைய அரங்கேற்றம் இராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. நிகழ்ச்சியில் பெண்கள் நீரில் விளையாடுவதைச் சித்திரிக்கும் ஓர் உருப்படி இருந்தது. அதனை ஆடிக்கொண்டிருக்கையில், வெடித்த நிலத்தின் நினைவு குறுக்கிட்டுத் தம்மை நிலைகுலையச் செய்ததாக அவர் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். அழகும் புகழும் தரும் செயலில் பழியின் சாயல் கண்டு உடல் தயங்குவது, இசைமைக்கு உரை மரபு தரும் விளக்கத்தோடு வியப்பூட்டும் அளவு ஒத்துவருகிறது. எழுபதுகளில் அவர் நெடுங்காலம் மேடையிலிருந்து விலகியிருந்தார் என்பதையும் இத்தயக்கத்தின் நீட்சியாகக் காணலாம்.

1985இல் வந்த ‘அங்கிகா’ யோகம், களரிப்பயிற்று, பரத அடவு மூன்றையும் ஒரே உடலொழுங்கின் மூன்று முகங்களாக முன்வைத்தது. நகை, ஒப்பனை, கதை ஆகியன விலக்கப்பட்டன. மயிலாப்பூர், தியாகராயநகர் சபாக்களின் மார்கழி மேடையில் வீரம் எவ்வாறு காட்டப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இதன் துணிவு விளங்கும். அங்கே இடக்கை வில்லைப் பற்றியதாகவும் வலக்கை நாணை இழுப்பதாகவும் அமையும், புருவம் உயரும், அம்பு பாய்ந்துவிட்டது என்று காண்போர் உணர்வர். அது குறிப்பு மொழி. அதன் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அங்கே உடலின் எடை போர்ச்செயலில் ஈடுபடுவதில்லை. ‘அங்கிகா’வில் களரி பயின்றோரின் தாழ்ந்த நிலையும் நடனக் கலைஞரின் அரைமண்டியும் அருகருகே வைக்கப்பட்டபோது, அரைமண்டி அழகிய கோணம் என்பதிலிருந்து, எடையைத் தரைக்கு ஒப்படைத்துவிட்டு எத்திசையிலும் நகர ஆயத்தமாகும் நிலை என்பதாகப் பொருள் மாறியது. இம்மாற்றமே அப்படைப்பின் பெரும்பேறு. பரதத்தின் அடிப்படை நிலையைக் காண்போர் மறுமுறை காணும்போது அதற்குள் ஒரு போர்க்கலைஞர் ஒளிந்திருப்பதை மறக்க இயலாது.

கலாக்ஷேத்திராவில் அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்கள் இதற்குப் பல்லாண்டுகள் முன்பே களரி வழிவந்த உடற்பயிற்சியைக் கொணர்ந்திருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், சந்திரலேகாவின் செயலை முதல் முயற்சி என்பதற்கில்லை. கதகளியில் களரி அடித்தளமாக மறைந்து நின்றது. ‘அங்கிகா’ அதனை வெளியே எடுத்து அதன் பெயரோடு நிறுத்தியது.

கல்வி இங்கு முழுமையாக உண்டு. தறுகண்ணும் உண்டு; ஆயின் அது திசைமாறியது. களரியில் தறுகண் பாய்ந்துவரும் வாளுக்கு எதிரே கண் இமையாமை. மேடையில் வாள் பாய்ந்தாலும் அது வகுத்துவைத்த பாய்ச்சல். அஞ்சவேண்டியது வாளை அன்று, காண்போரின் எதிர்பார்ப்பை. வருணமும் தில்லானாவும் வேண்டி அமர்ந்திருப்போர்க்கு முன்னால் கதையற்ற உடலை மட்டும் கொண்டு நிற்பது, அக்காலச் சென்னையில் உண்மையாகவே அஞ்சாமையை வேண்டியது. அவர் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கொணர்ந்த போர்க்கலை மலபாரினுடையது. ஊரும் நாடும் தன்னதல்லாதவன் வென்றானா இல்லையா என்று ஆமூர் இருகூறானதைப் போலவே நகரமும் அவரைப் பற்றி இருகூறானது.

6. சரீரா: எதிராளி இல்லாத போர்

2001இல் வந்த ‘சரீரா’ சந்திரலேகாவின் இறுதிப் பெரும்படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. மேடையில் இருவர் மட்டுமே: ஒரு பெண், ஓர் ஆண். பல ஆண்டுகள் இதனை ஆடியவர்கள் கவிஞர் திஷானி தோஷியும் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும். அசைவுகள் மிகமிக மெதுவானவை. பெண் தரையில் அமர்ந்து கால்களை விரிப்பதற்கே காண்போரின் பொறுமையைச் சோதிக்கும் அளவு நேரம் ஆகிறது.

களரியில் விரைவு உயிர்காப்பது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ‘சரீரா’ தரும் விடை துல்லியமானது: மூச்சு, முதுகெலும்பின் நேர்மை, எடையின் அறிவு. விரைவாகச் செய்யும்போது பிழைகள் மறைந்துவிடும். மெதுவாகச் செய்யும்போது இடுப்பின் ஒவ்வொரு சிறு நடுக்கமும் வெளிப்பட்டுவிடும். களரி ஆசான்கள் மாணவரைத் தாழ்ந்த நிலையில் நெடுநேரம் நிற்கவைப்பது இக்காரணத்தால்தான். அவ்வகையில் ‘சரீரா’, போர்க்கலைஞரின் கல்வியைத் திரையின்றிக் காட்டும் தேர்வு. ஆண், பெண்ணை வெல்ல வரவில்லை. அவர்கள் ஒருவர் எடையை மற்றவர் தாங்குகின்றனர். உடம்பையும் உறுப்பையும் தருதலும் கொடை என்று கொண்ட உரை விளக்கத்தை இங்கு நேரே காண முடிகிறது. எதிராளி இல்லாத மேடையில் கொடை இவ்வாறு வேறு வாயில் வழியாக நுழைந்தது. இது சந்திரலேகாவின் வெற்றி.

இழப்பும் உண்டு. 80ஆம் பாடலில் ஒரு கால் பின்னே நின்று தடுக்கிறது. மல்லன் ஏதேனும் செய்யக்கூடும் என்பதை அக்கால் அறிந்திருக்கிறது. ‘சரீரா’வின் கால்களுக்கு அவ்வறிவு தேவையில்லை. அடுத்த அசைவு இருவரும் முன்பே அறிந்தது. உடல் முழுவதும் கண்ணாகப் பயின்ற ஒருவர், பார்ப்பதற்கு எதிர்பாராதது எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிறார். அவர் பயிற்சியின் உச்சம் அங்கே பயன்படாமல் கிடக்கிறது. களரிக் கலைஞரின் உடலை அழகுக்காகக் கடன் வாங்கியதாகச் சொல்லி இதனைக் கடிந்துவிடலாம், அது மிகை. ஆயினும் போர்க்கலைஞர் என்பவர் தோற்கக்கூடியவர் என்பதும் அவருடைய தகுதியில் அடங்கும். தோல்வி இயலாத மேடையில் அத்தகுதியைக் காட்ட வழியில்லை. மேடைக் கலை அனைத்துக்கும் இக்குறை பொது என்று மறுக்கலாம். தெருக்கூத்தின் பதினெட்டாம் போரிலும் துரியோதனன் வீழ்வது முன்பே தெரியும். ஆனால் கூத்து தன்னைப் போர்க்கலை என்று கூறிக்கொள்வதில்லை. போர்க்கலையின் உண்மையான உடலை அப்படியே மேடையில் வைப்பதாக உரிமை கொண்டாடுவதுமில்லை.

82ஆம் பாடலின் கட்டில் பின்னுவோனும் இம்மேடையில் இல்லை. சந்திரலேகா உழைப்பைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். பெண்ணிய, மனித உரிமைப் பணிகளில் ஈடுபட்டவர். ஆயினும் ‘சரீரா’வின் தூய தரையில் விழாவோ மழையோ மகப்பேற்று வலியோ குறுக்கிடுவதில்லை. திறமையைச் சூழலிலிருந்து பிரித்துத் தனியே ஒளியூட்டிக் காட்டுவது நவீன மேடையின் இயல்பு. சாத்தந்தையாரோ திறமை எந்த நெருக்கடியின் நடுவே பிசகாது நின்றது என்பதைக் கொண்டே அதனை மதித்தார். போட்டிகளின் புள்ளிமுறைக்கும் இக்குறை உண்டு. சிலம்பம் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அத்தகைய அரங்குகளில் எதிராளி உண்டு, தோல்வி உண்டு, காண்போரும் உண்டு. கொடை எங்கே என்று கேட்டால் அதற்குப் புள்ளி இல்லை. மேடை இழந்ததைப் போட்டி காத்தது; மேடை கண்டெடுத்ததைப் போட்டி தவறவிட்டது.

7. மேடைக்கு வராத ஆசான்

‘அங்கிகா’வும் ‘சரீரா’வும் நாடிய களரி மலபாரின் வட மரபு. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கும் தென்களரி, அடிமுறை, வர்மக்கலை ஆகியவற்றின் நூல்கள் தமிழ்ச் செய்யுளில் அமைந்தவை. ஆசான் என்னும் சொல் அங்கே போர் ஆசிரியரையும் மருத்துவரையும் ஒருசேரக் குறிக்கும். சென்னையின் ஆடல் உரையாடலில் இம்மரபுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. வட மரபின் நீண்ட வடிவுகளும் தாவல்களும் கண்ணுக்கு விருந்து. தென் மரபின் குறுகிய, நெருங்கிய அடிகள் தொலைவில் அமர்ந்திருப்போர்க்குப் புலப்படா. காரணம் இவ்வளவு எளியதாகவும் இருக்கலாம்.

ஆனால் கொடை பற்றிய வினாவுக்கு இம்மரபு தரும் விடை மற்றெதனினும் நேரடியானது. வர்மங்கள் 108 என்பது மரபெண். அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஓர் இடத்தில் அடிபட்டவரை மீட்க அடங்கல் என்னும் இடங்களைத் தூண்டவேண்டும். அடியை அறிந்தும் அடங்கலை அறியாதவரை ஆசான் என மரபு ஏற்பதில்லை. வர்ம இடங்கள் எல்லார்க்கும் கற்பிக்கப்படுவதுமில்லை; மாணவரின் பொறுமையையும் நடத்தையையும் ஆண்டுக்கணக்கில் நோக்கிய பின்னரே அவை வெளிப்படுத்தப்படும். வட மரபிலும் குருக்கள் உழிச்சல் செய்பவர், எலும்பு முறிவைச் சீராக்குபவர். ஆனால் அங்கு மருத்துவம் பயிற்சியோடு உடன்வருவது. இங்கு அடியின் இலக்கணத்துக்குள்ளேயே அது இருக்கிறது. 81ஆம் பாடலில் பிடித்த கையும் கவிந்த கையும் ஒன்றாக இருந்ததற்கு, வாழும் மரபு ஒன்றிலிருந்து காட்டக்கூடிய உரை இது.

2006 டிசம்பர் 30இல் சந்திரலேகா மறைந்த பின்னரும் ‘சரீரா’ சில காலம் ஆடப்பட்டது. அதனை நேரிற் கண்டோரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. படப்பதிவுகள் அசைவைக் காக்கின்றன. ஒருவர் எடை மற்றவர்மேல் இறங்கும் கணத்தில் அரங்கில் நிலவிய அமைதியைக் காப்பதில்லை. தென்களரி ஆசான்களின் நிலை இதனினும் வேறு. அவர்களுடைய சுவடிகளுள் சில அச்சேறிவிட்டன. ஆனால் அடங்கலைத் தூண்டும் விரலின் அழுத்தம் எவ்வளவு என்பது எச்செய்யுளிலும் இல்லை. அது ஆசானின் கையிலிருந்து மாணவரின் உடலுக்கு நேரே செல்வது. அதனைப் பதிவுசெய்ய முற்படும் ஆய்வாளர் முதலில் அவ்வழுத்தத்தைத் தம் உடலில் ஏற்க உடன்படவேண்டியிருக்கும்.